சீச்சீக்காரரும் உள்ளே விடாத கம்ப்யூட்டரும்

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பேர் வைக்கத்தான் செய்தார்கள். கடைத்தெருவில் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'சீச்சீக்காரர்' என்று கேளுங்கள். பழவண்டிக்காரர் முதல் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா வரை கை நீட்டி வழி காட்டுவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர். கெட்டிக்காரர்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மனுஷர் ஒரு இடத்துக்குள் காலை வைத்தால் வணக்கம் சொல்வதற்கு முன்னால் 'சீ' என்று சொல்லிவிடுவார். அடுத்த 'சீ' பெட்டியின் மூடியைக் கழற்றும்போது வரும். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் குமட்டியிருக்கும். இஸ்திரி கலையாத சட்டையோடு உட்கார்ந்திருப்பார் மேனேஜர். அவருடைய கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் பிஸ்கட் தூள், தலைமுடி, காதுக் குறும்பி, அத்தோடு கடித்துத் துப்பிய நகம். மவுஸின் அடியில் கறுப்பாக ஒரு பிசுக்கு, விரலில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் பெட்டியைத் திறந்தபோது விசிறியில் ஒரு பல்லி சுற்றிச் சுற்றியே செத்துக் காய்ந்திருந்தது. 'கம்ப்யூட்டர் கொஞ்ச நாளா ஒரு மாதிரி வாசனை வருது' என்று அந்த ஆபீஸ்காரர் சொன்னாராம். வாசனையாம்! மூக்கு என்று ஒன்று எதற்காக வைத்திருக்கிறார்களோ இந்த ஜனங்கள்.

ஆகவே அவருடைய பையில் ஸ்க்ரூ டிரைவரைவிடப் பஞ்சும் ஸ்பிரிட்டும் பிரஷும் கையுறையும்தான் அதிகம் இருக்கும். வேலை முடிந்ததும் கை கழுவுவார். வீட்டுக்கு வந்தும் கழுவுவார். "ரிப்பேர் பண்ணப் போனீங்களா, பிரசவம் பார்க்கப் போனீங்களா?" என்று அவர் மனைவி கேட்பார்.

இது வெளி அழுக்கு. உள் அழுக்கு என்று ஒன்று உண்டு, அதுதான் மோசம். கம்ப்யூட்டரைத் திறக்கிறவனுக்கு அதன் சொந்தக்காரனின் குடல் வரை தெரியும். ஊரே கும்பிடுகிற ஒரு பெரிய மனுஷர் தன் கூடப்பிறந்த தம்பியைப் பற்றி மொட்டைக் கடுதாசி எழுதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் மனைவிக்குத் தெரியாமல் நடத்துகிற இன்னொரு குடும்பத்தைப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு துணிக்கடை. அங்கே வேலை செய்கிற பெண்கள் மேல்தட்டுத் துணியை எடுக்க ஏணியில் ஏறும்போதெல்லாம் கீழே நின்று போட்டோ எடுத்து அடுக்கி வைத்திருந்தான் அந்தக் கடை முதலாளி. பெண்ணுக்கு ஒரு ஃபோல்டர் என்று வகை பிரித்து வைத்திருந்தான், கட்டையில போறவன்.

அன்றைக்குச் சீச்சீக்காரர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னார். மனைவி கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொண்ணுங்ககிட்ட சொன்னீங்களா?"

"அது என் வேலை இல்ல. டாக்டர் நோயாளி வயித்துல இருக்கறத ஊர்ல சொல்வாரா?"

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதுதான் சீச்சீக்காரர் வைத்திருந்த சட்டம். வெளி அழுக்கைக் கண்டால் வாய் திறப்பார்; உள் அழுக்கைக் கண்டால் வாய்க்குப் பூட்டு. அதைத் தொழில் தர்மம் என்று சொல்லிக்கொள்வார். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு எவ்வளவு நல்ல பேர் பாருங்கள்.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் ஒரே ஒரு இடம்தான் பிடிக்கும். அது ஒரு ரத்தப் பரிசோதனை லேப். வெள்ளை ஓடு பதித்த தரை, முகம் பார்க்கலாம். வாசலிலேயே கை கழுவக் குழாய். கவுன்டருக்கு மேலே 'சுத்தம் சோறு போடும்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. லேப்பின் முதலாளி பேனாவைக்கூட யாருக்காவது கொடுத்து வாங்கினால் பஞ்சால் துடைத்துத்தான் சட்டைப்பையில் செருகுவார். அங்கே முதல் தடவை கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்த சீச்சீக்காரருக்கு நம்ப முடியவில்லை. உள்ளே ஒரு தூசி கிடையாது. வாழ்க்கையில் முதல் தடவையாக 'சீ' சொல்லாமல் ஒரு மூடியை மாட்டினார். முதலாளியும் அவரும் அன்றிலிருந்து சிநேகம். ஊர் ஜனங்களின் அசிங்கத்தைப் பற்றி இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள். தம்ளரைக் கழுவிக் கழுவிக் குடிப்பார்கள்.

அந்த நம்பிக்கையில்தான் மச்சினியை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டார். அவர் மனைவியின் தங்கை. கட்டினவன் விட்டுவிட்டுப் போன பிறகு அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனாலும் அடுத்தவர் வீட்டில் சோற்றைப் பிசைகிறவளுக்குத் தெரியாதா அது தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று. லேப்பில் ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை கிடைத்ததும் முதல் காரியமாக ஒரு அறை வாடகைக்கு எடுத்தாள். ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, உள்ளிருந்து போடுகிற தாழ்ப்பாள். எலி வளையானாலும் தனி வளை. இந்த வேலை போனால் அந்த அறை போகும், மறுபடி கூடத்துப் பாய். அவளுக்கு அதுதான் பயம்.

லேப்பில் அவளைத் தவிர மூன்று பெண்கள். மூத்தவர் ரத்தம் எடுக்கிறவர். எல்லோரும் அவரை ஊசிக்காரம்மா என்பார்கள். மற்ற இருவரும் சின்ன வயதுக்காரிகள், பரிசோதனை செய்கிறவர்கள். பின்பக்கம் ஒரு சின்ன அறை. அங்கேதான் வெள்ளைக் கோட்டு மாற்றுவார்கள், சாப்பிடுவார்கள், தலை வாருவார்கள், முதலாளியைத் திட்டுவார்கள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முகத்தைக் கழற்றி வைக்க ஒரு இடம் வேண்டாமா? அதுதான் அந்த அறை. முதலாளி ஒரு நாள் பெருந்தன்மையாக அந்த அறைக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று சொல்லித் தானே ஸ்டூலில் ஏறி மாட்டினார். பரவாயில்லை, மனுஷனுக்கு அக்கறை இருக்கிறது என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஒன்று நடக்க ஆரம்பித்தது. பின்னறையில் பேசுகிற பேச்சு முதலாளி காதுக்குப் போய்விடும். முழங்கால் வலி தாங்கவில்லை என்று ஊசிக்காரம்மா அங்கே முனகினார், மறுநாள் முதலாளி, "முட்டி எப்படி இருக்கு? முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கலாம்" என்றார். சின்னவர்களில் ஒருத்தி வேறு இடத்தில் வேலை தேடுவதாகச் சொன்னாள். அடுத்த நாளே அவளைக் கூப்பிட்டு நன்றி கெட்டவள் என்றார். நாலு பேர் இருக்கிற அறை. யாரோ கோள் சொல்கிறார்கள். யார்?

யாராக இருக்கும்! புதிதாக வந்தவள், முதலாளியின் சிநேகிதர் சிபாரிசில் நுழைந்தவள். மூன்று பெண்களும் பேசி முடிவே கட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சினி உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்றவர்கள் மறுகோடிக்கு நகர்ந்து உட்காருவார்கள். அக்காவிடம் வந்து அழுதாள். அக்கா புருஷனிடம் சொன்னார். சீச்சீக்காரர், நாலு பொம்பளைங்க இருந்தா நாலு விஷயம் இருக்கத்தான் செய்யும், முதலாளி தங்கமான மனுஷர், அவர்கிட்ட நல்ல பேர் எடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலையில் லேப்பின் கம்ப்யூட்டர் யாரையும் உள்ளே விடாமல் அடம் பிடித்தது. மச்சினி வழக்கம்போல முதல் ஆளாக வந்து போட்டாள். பேர் கேட்டது, அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது, அடித்தாள். திரை கறுத்தது, ஒரு தரம் கண் சிமிட்டியது, மறுபடியும் பேர் கேட்டது. திரும்ப அடித்தாள். திரும்பக் கேட்டது. ஊசிக்காரம்மா அடித்துப் பார்த்தார், அதே கதை. முதலாளிக்கென்று தனிப் பேர், தனிப் பாஸ்வேர்டு உண்டு. அவர் அடித்துப் பார்த்தார், அவரையும் வெளியே தள்ளியது. அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் ரிப்போர்ட் வேண்டும் என்று ஒருவர், நிறைமாத மனைவியோடு ஒருவர், நேற்றைய ரிப்போர்ட்டுக்காக வெறும் வயிற்றிலேயே வந்து மயக்கமாக உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவர். எல்லா ரிப்போர்ட்டும் அந்தப் பெட்டிக்குள்ளே.

முதலாளி கொஞ்சமும் யோசிக்கவில்லை. நேற்று லீவு கேட்டாள், நான் கொடுக்கவில்லை. நேற்று கடைசியாக மூடியவளும் இவள், இன்று முதலில் திறந்தவளும் இவள். வன்மத்தில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள் என்று கூட்டத்துக்கு முன்னாலேயே சொன்னார். சாயங்காலத்துக்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். மற்ற மூன்று பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியாவது 'அவள் அப்படிப்பட்டவள் இல்லை' என்று சொல்ல வேண்டுமே. கோள் சொல்கிறவளுக்கு இது மட்டும் கஷ்டமா என்றுதான் நினைத்திருப்பார்கள்.

சீச்சீக்காரர் பையோடு வந்து சேர்ந்தபோது மச்சினி கவுன்டர் ஓரத்தில், கோட்டு போடாமல், நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டை அடித்தார். 'தவறு' என்று சிவப்பு எழுத்து வந்தது. அடுத்து மச்சினி சொன்ன பாஸ்வேர்டை அடித்தார். சிவப்பு எழுத்து வரவில்லை. திரை கறுத்து, சிமிட்டி, பழையபடி வாசலுக்கே கொண்டுவந்து விட்டது. சில வீடுகள் இருக்கும், வாங்க வாங்க என்று வாய் நிறைய அழைத்து, செருப்பைக் கழற்றுவதற்குள் போய்ட்டு வாங்க என்று அனுப்புவார்கள். அந்த மாதிரி.

பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை, மாற்றியிருந்தால் தப்பு என்று சொல்லியிருக்கும், இது சரி என்று உள்ளே விட்டுவிட்டுத்தான் தள்ளுகிறது என்று முதலாளியிடம் விளக்கினார். சத்தமாகவே சொன்னார், பெண்கள் காதில் விழட்டும் என்று. முதலாளி அசரவில்லை. அப்படியானால் வேறு எதையோ நோண்டியிருக்கிறாள் என்றார். மனசில் ஒருத்தியைத் திருடியாக்கிவிட்டால் அப்புறம் எந்தச் சாட்சி வந்தாலும் அவளுக்கு எதிராகத்தான் பேசும்.

உள்ளே போக இன்னொரு வழி உண்டு. படமும் சாளரமும் இல்லாத, வெறும் எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரை. அந்தக் கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவரே அவர் ஆதலால் எல்லா அறைக்கும் பொதுவான சாவி ஒன்று அவரிடம் இருந்தது. அந்த வழியாக நுழைந்து முதலில் இடம் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். ஒன்றுமே இல்லை என்றது. அவ்வளவுதான் சமாசாரம். உள்ளே வருகிறவரை உட்கார வைக்கக் கம்ப்யூட்டர் ஏதாவது துளி எழுதிக்கொள்ள வேண்டும். எழுத இடமில்லாததால் வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த ஒரு அற்பக் காரணத்துக்குத்தான் ஒரு பெண்ணை ஊர் முன்னால் நிறுத்தி வைத்தார்கள்.

ஆனால் ரத்த ரிப்போர்ட் எல்லாம் எழுத்துதானே. அதை ஆயுசு முழுக்க அடித்தாலும் அந்தப் பெட்டி நிரம்பாது. எது நிரப்பியது என்று அறை அறையாகத் தேடினார். முதலாளி தன் பேரில் நுழைகிற கணக்கில், சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்த ஒரு ஃபோல்டர். உள்ளே வரிசை வரிசையாக வீடியோ. முதல் வீடியோவின் தேதியைப் பார்த்தார். மச்சினி வீட்டுக்கு வந்து, எங்க பின்னறைக்குப் புதுக் கடிகாரம் வந்திருக்கு மாமா என்று சொன்ன வாரம் அது.

 பிறகு பிரின்டர் விட்டுவைத்த பழைய குப்பையை மட்டும் அழித்து, மூச்சு விடுகிற அளவுக்கு இடம் பண்ணினார். கம்ப்யூட்டர் உள்ளே விட்டது. திரையை வேறு யார் கண்ணிலும் படாதபடி திருப்பிக்கொண்டு, சத்தத்தை அடக்கிவிட்டு ஒரு வீடியோவைத் திறந்தார்.

பின்னறை, கடிகாரம் மாட்டியிருந்த உயரத்திலிருந்து. ஒரு கோடியில் மூன்று பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கோடியில் அவர் மச்சினி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனதும் தனியாக இருக்கிறோம் என்ற தைரியத்தில் மேசை மேலிருந்த ஸ்கேலை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டாள். பிறகு கோட்டைக் கழற்றக் கையை வைத்தாள். அவர் பட்டென்று மூடிவிட்டார். வாய்க்குள் புளித்துக்கொண்டு வந்தது. எந்தக் கரப்பானையும் எந்தப் பல்லியையும் பார்த்து அவருக்கு அப்படி வந்ததில்லை.

முதலாளி பின்னால் வந்து நின்று, சரியாகிவிட்டதா, என்ன கோளாறு என்று கேட்டார்.

"இடம் இல்ல. ரொம்பி வழிஞ்சிருக்கு," என்றார் சீச்சீக்காரர். திரும்பிப் பார்க்கவில்லை.

 அப்புறம் முதலாளி அவரைத் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை, அதுதான் ஆச்சரியம். மேசையைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே பேசினார். பாதுகாப்புக்காகத்தான் வைத்தது, எந்தப் புற்றில் எந்தப் பாம்போ, மருந்து திருட்டுப் போனால் யார் பொறுப்பு என்றார். அப்படியே அடுத்த வார்த்தைக்கு வழுக்கிப் போனார்.

"உங்க வீட்டுப் பொண்ணு. அதனால நான் பெரிசு பண்ணல. அவ தெரியாம எதையோ அழுத்திட்டான்னு வெளிய சொல்லிடுங்க. நானும் மன்னிச்சு வெச்சுக்கறேன். வேலை அவளுக்கு நிலைச்சுது. நீங்க அந்த ஃபோல்டரை மட்டும் சுத்தமா துடைச்சுக் குடுத்துருங்க. உங்களுக்குத் தெரியாததா? நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்க."

சுத்தமாகத் துடைக்க வேண்டுமாம். கேட்டீர்களா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதுக்குப் பரிமாறவும் ஒரு ஆள் தேடுகிறான்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். சீச்சீக்காரர் உடனே பொங்கி எழுந்துவிடவில்லை. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல் குழாய்க்குப் போனார். சோப்பு போட்டுக் கழுவினார், மறுபடியும் போட்டுக் கழுவினார். மனசு கணக்குப் போட்டது. வாயை மூடிக்கொண்டால் அவள் வேலை பிழைக்கும். அறை நிலைக்கும். அவளுக்கு விஷயமே தெரிய வேண்டாம். தெரியாத வரைக்கும் அசிங்கமில்லை. கடிகாரத்தை இவனையே கழற்றச் சொல்லிவிடலாம். இத்தனை வருஷம் செய்ததுதானே, இன்னொரு தடவை செய்தால் என்ன.

பக்கத்தில் மச்சினி வந்து நின்றாள்.

"மாமா, வேலை போனா போகட்டும். நான் எதுவும் பண்ணலன்னு அவங்க மூணு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அந்த ரூம்ல சுவத்தைப் பார்த்துச் சாப்பிட என்னால முடியல."

சுவரைப் பார்த்து அவள் சாப்பிட்டதை அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் பார்த்திருந்தார். ஈரக் கையைத் துடைக்காமலே உள்ளே போனார்.

நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய், முதலாளியின் கணக்கில் ஒளிந்திருந்த ஃபோல்டரை எடுத்துப் பெண்கள் நுழைகிற கணக்கின் முகப்பில், திறந்த உடனே கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. வேலை செய்கிற நாலு பேரையும் கூப்பிட்டார். வாசலில் இருந்தவர்களுக்குத் தெரியாதபடி திரையைத் திருப்பி வைத்துவிட்டுத் தான் எழுந்து நின்றுகொண்டார்.

"பாஸ்வேர்டை யாரும் மாத்தல. உங்கள உள்ள விடாம தள்ளினது இதுதான். இடத்தையெல்லாம் இதுவே அடைச்சுக்கிச்சு. கோள் சொன்னதும் இதுதான்."

ஊசிக்காரம்மா உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். உள்ளே விட்டது. முகப்பில் இருந்த ஃபோல்டரைத் தட்டினார், முதலில் வந்த வீடியோவைத் தட்டினார். பார்த்த உடனே அவருக்குப் புரியவில்லை; யார் இந்த நரைத்த உச்சந்தலை என்று உற்றுப் பார்த்தார். அது அவர் தலைதான். முழங்கால்வரை சேலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்னவர்களில் ஒருத்தி கோட்டின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது பிடித்து என்ன செய்ய.

ஊசிக்காரம்மா வீடியோவை மூடினார். திரும்பி மச்சினியைப் பார்த்தார். அவள் தோளில் கை வைத்தார், ஆனால் மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பிறகு எழுந்து பின்னறைக்குப் போனார். முட்டி வலிக்காரர், தானே ஸ்டூலில் ஏறினார் போல. கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கவுன்டரில், அந்தச் 'சுத்தம் சோறு போடும்' பலகைக்குக் கீழே வைத்தார். முதலாளி தன் அறையிலிருந்து வெளியே வந்து, நோயாளிகள் முன்னால் எதற்கு இதெல்லாம், உள்ளே போய்ப் பேசலாம் என்றார்.

"உள்ள என்ன பேசினாலும் உங்களுக்குத்தான் கேக்குதே. இங்கயே பேசுவோம்," என்றார் ஊசிக்காரம்மா.

அவரே போலீசுக்குப் போன் போட்டார். போலீஸ் வருகிறவரைக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் அவரே உட்கார்ந்துகொண்டார், யாரையும் கை வைக்க விடவில்லை. அப்போதும் வெறும் வயிற்றோடு வந்த கிழவரின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்துச் சாப்பிட அனுப்பினார். முதலாளி ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பஞ்சு தீர்ந்தது, கைக்குட்டையால் துடைத்தார். சீ, என்ன ஜென்மம்.

சீச்சீக்காரர் பையை எடுத்தபோது ஊசிக்காரம்மா கூப்பிட்டார்.

"நீங்க எத்தனை பார்த்தீங்க?"

"ஒண்ணுதான். அதையும் முழுசாப் பார்க்கல," என்றார்.

நம்புகிறேன் என்றும் அவர் சொல்லவில்லை, நம்பவில்லை என்றும் சொல்லவில்லை. உங்களைப் போலீஸ் கேட்டால் வந்து சொல்வீர்களா என்று மட்டும் கேட்டார். சொல்வேன் என்றார்.

லேப் நாளைக்குத் திறக்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேலை நாலு பேருக்கும் போயிற்று; மச்சினிக்கு நல்ல பேர் மட்டும் மிஞ்சியது. கிளம்பும்போது சின்னவள் ஒருத்தி ஓடிவந்து மச்சினியின் டிபன் பாக்ஸைப் பின்னறையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாக்ஸை அன்றைக்குத் திறக்கவே இல்லை, சாப்பாடு அப்படியே இருந்தது.

மாமாவும் மச்சினியும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். சீச்சீக்காரருக்கு உள்ளே கொஞ்சம் பெருமைகூடத் தலை தூக்கியது என்று சொன்னால் தப்பில்லை. வழியெல்லாம் பேசினார். இப்படியும் ஒரு மனுஷனா, இவனோடு ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தேனே, வெளியே வெள்ளை ஓடு, உள்ளே சாக்கடை, சீ, சீ என்று பொருமிக்கொண்டே வந்தார். வேறு வேலை நானே பார்த்துத் தருகிறேன், அது வரைக்கும் அறை வாடகையை நினைத்துக் கவலைப்படாதே என்றார். மச்சினி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அக்கா ஒரு துணிக்கடையைப் பத்திச் சொன்னா, மாமா. ஏணி மேல ஏறுற பொண்ணுங்களைப் போட்டோ எடுத்து வெச்சிருந்தானாமே."

"அவனும் இவனை மாதிரிதான். சீ, அந்த நாய்…"

"அந்தக் கடைக்கு இப்பவும் ரிப்பேருக்குப் போறீங்களா?"

அவர் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். போன மாதம்கூடப் போயிருந்தார். கீபோர்டு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண்களில் ஒருத்தி கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்திருந்தார்.

பஸ் வந்தது. மச்சினி டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் காலை வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுங்க யாருக்கும் மெக்கானிக் மாமா இல்ல போலிருக்கு."

பஸ் போய்விட்டது. சீச்சீக்காரர் பையோடு அங்கேயே நின்றார். பழக்கதோஷத்தில் 'சீ' என்று சொல்ல வாயெடுத்தார். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.